சேப்பாக்கம் போனாலும் பாரிஸ் போனாலும்: நேரில் மேட்ச் பார்க்கப் போகிற நம்மூர்க்காரர்களுக்கு 27 குறிப்புகள்

ஏம்பலம், நெட்டப்பாக்கம், பாகூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உலகப் போட்டியை நேரில் பார்ப்பது என்றால் சென்னைதான் கிட்டம். பிரான்சில் சொந்தபந்தம் இருக்கிற வீடுகளுக்குப் பாரிஸும் அப்படியொன்றும் தூரமில்லை. டிக்கெட் கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மேட்ச் பார்க்கப் போய் அவதிப்பட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததைத்தான் சொல்வார்கள். பஸ் கிடைக்கவில்லை, கூட்டத்தில் பிள்ளையைக் காணோம், போன் செத்துவிட்டது என்று. அதனால் திரும்பி வருவதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றதை அதற்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்வதே நல்லது. கீழே உள்ளவை அந்தக் கணக்கில் எழுதியவை.

கிளம்பும் முன்

1. கடைசி பஸ்ஸிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். பகல் 2 மணிக்குத் தொடங்கும் ஒருநாள் ஆட்டம் முடிய இரவு 10 ஆகும். இரவு 7 மணிக்குத் தொடங்கும் இருபது ஓவர் ஆட்டம் முடிய 11 ஆகும். அங்கிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரி வந்து சேர நடுநிசி தாண்டிவிடும். அந்த நேரத்தில் ஏம்பலத்துக்கு டவுன் பஸ் கிடையாது. சென்னையில் உறவினர் வீட்டில் தங்குவதா, புதுச்சேரி பேருந்து நிலையத்தில் விடிகிற வரை உட்கார்ந்து முதல் பஸ் பிடிப்பதா, போகும்போதே வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் போவதா என்பதை டிக்கெட் வாங்கும் முன் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

2. வயதானவர்களையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துப் போக டெஸ்ட் ஆட்டமே சௌகரியம். காலை 9:30க்குத் தொடங்கி மாலை 5 மணி வாக்கில் முடிந்துவிடும். அன்றைக்கே ஊர் திரும்பிவிடலாம். கூட்டமும் குறைவு, டிக்கெட் விலையும் குறைவு. 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக அஸ்வின் தன் சொந்த ஊரில் 113 ரன் அடித்து, இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட்டும் எடுத்த ஆட்டம் முழுவதும் பகல் வெளிச்சத்தில்தான் நடந்தது.

3. பிள்ளைகளுக்கு முதலில் உள்ளூரில் ஒரு ஒத்திகை வையுங்கள். புதுச்சேரி அணி 2018 முதல் ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிறது. வில்லியனூர் கொம்யூனில் உள்ள துத்திப்பட்டு மைதானத்தில் ஆட்டங்கள் நடக்கும். ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்காருகிற பிள்ளையா, அரை மணியில் வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரிக்கிற பிள்ளையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

4. அட்டவணை மாறும் என்று நினைத்தே முன்பதிவு செய்யுங்கள். 2023 உலகக் கோப்பையில், போட்டி தொடங்க இரண்டு மாதமே இருந்தபோது 9 ஆட்டங்களின் நாளோ நேரமோ மாற்றப்பட்டது. சென்னையில் அக்டோபர் 14 பகலில் நடக்க வேண்டிய நியூசிலாந்து – வங்கதேச ஆட்டம் 13ஆம் தேதி பகலிரவு ஆட்டமானது. தங்கும் அறை எடுக்கும்போது, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.

5. டிக்கெட் விற்பனை அதிகாரம் பெற்ற தளம் எது என்று வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதில் மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கியூஆர் படத்தை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்க முடியும். வாயிலில் முதலில் காட்டுகிறவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேர் வெளியே நிற்பார்கள்.

6. டிக்கெட் காகிதமா, போனிலா என்று கவனியுங்கள். 2023 உலகக் கோப்பைக்கு ஆன்லைனில் பணம் கட்டினாலும் காகித டிக்கெட்டோடு போனால்தான் உள்ளே விட்டார்கள். கூரியரில் வரும் டிக்கெட் என்றால், பகலில் ஆள் இருக்கிற வீட்டு முகவரியைக் கொடுங்கள். கவுன்ட்டரில் வாங்க வேண்டும் என்றால், அதற்குத் தனியாக ஒரு சென்னைப் பயணம் தேவைப்படுமா, சென்னையில் உள்ள உறவினர் வாங்கி வைக்க முடியுமா என்று பாருங்கள்.

7. பகல் ஆட்டத்துக்கு மேற்குப் பக்கத்து இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். மதியத்துக்கு மேல் வெயில் முதுகுப்புறம் போய்விடும், நிழலும் சீக்கிரம் விழும். கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் சூரியன் மறையும் வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டே பார்க்க வேண்டும்.

8. வெளிமாநில ஆட்டம் என்றால் ரயில் முன்பதிவுக்கு 60 நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். போகிற டிக்கெட்டுக்கும் வருகிற டிக்கெட்டுக்கும் முன்பதிவு திறக்கும் நாள் வேறு வேறு. வருகிற நாளைக் காலண்டரில் தனியாக வட்டமிட்டு வையுங்கள். ஆட்டம் முடிந்த மறுநாள் ஊர் திரும்பத்தான் எல்லோரும் அலைமோதுவார்கள்.

போகும் வழி

9. கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் போனால் திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து பறக்கும் ரயிலைப் பிடியுங்கள். இந்திரா நகர், மயிலாப்பூர் வழியாக நேராகச் சேப்பாக்கம் நிலையத்திலேயே இறங்கலாம், மைதானம் அடுத்தாற்போல் இருக்கிறது. இறங்கியதும் திரும்புகிற வண்டிகளின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போதே திரும்புவதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டால் இரவு வரிசையில் நிற்க வேண்டாம்.

10. திண்டிவனம் வழியாகப் போகிற பஸ் என்றால், கடைசி நிறுத்தம் கிளாம்பாக்கமா கோயம்பேடா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு நிறைய பஸ்கள் நகருக்குள் போவதில்லை. அங்கிருந்து மைதானம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். கோயம்பேட்டிலிருந்தும் எழும்பூரிலிருந்தும் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, வண்டி மாறி, அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

11. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வழியாக எழும்பூர் போகிற ரயில், பஸ்ஸைவிட நேரம் பிடிக்கும். ஆனால் கழிவறை உண்டு, கால் நீட்டலாம். முதியவர்களுக்கு அதுவே நல்லது. வில்லியனூரிலும் ஒரு நிலையம் இருப்பதால், உங்கள் வண்டி அங்கே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் டவுனுக்குப் போகிற அலைச்சல் மிச்சம்.

12. தெருப் பையன்கள் சேர்ந்து வேன் எடுக்கிறார்கள் என்றால், மஞ்சள் போர்டு வண்டியாகவும் தமிழ்நாட்டுக்குள் போக பெர்மிட் உள்ளதாகவும் இருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் காப்பீட்டுப் பணம் கேட்பதே பெரும்பாடு. டிரைவருக்கு ஆட்டம் பார்க்க டிக்கெட் வேண்டாம், தூங்க இடம் வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு மரக்காணம் சாலையில் நம் உயிர் அவர் கையில்தான் இருக்கிறது.

13. நம்மூரில் மது விலை குறைவு என்பதற்காக வேனில் பாட்டில் ஏற்றாதீர்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் வழக்கு, வண்டி பறிமுதல் என்று போகும். வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் மேட்ச் அங்கேயே முடிந்துவிடும். குடித்துவிட்டு வருகிறவரை மைதான வாயிலிலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பையும் சாப்பாடும்

14. கையை வீசிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். தண்ணீர் பாட்டில், வெளிச்சாப்பாடு, ஹெல்மெட், குடை, தீப்பெட்டி, கம்பு கட்டிய கொடி, பவர் பேங்க் போன்றவற்றை வாயிலில் நிறுத்துவது வழக்கம். போட்டிக்குப் போட்டி பட்டியல் மாறும், டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருளை வாங்கி வைத்துத் திருப்பித் தர ஆள் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டின் நகலோடு கொண்டு போனால் வாக்குவாதம் இருக்காது.

15. கட்டுச்சோற்றை உள்ளே கொண்டு போக முடியாது, ஆகவே வாயிலுக்கு முன்பே சாப்பிட்டு முடியுங்கள். புளிச்சோறு அல்லது மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி மாலை வரை கெடாது. சோற்றை ஆறவிட்டு, அனலில் வாட்டிய வாழை இலையில் கட்டுங்கள். தேங்காய்ச் சட்னியும் தயிர்ச்சோறும் வெயிலில் புளித்துவிடும், வேண்டாம். ராத்திரி திரும்பும்போது சாப்பிட ஒரு பொட்டலத்தை உறவினர் வீட்டிலோ வேனிலோ விட்டுச் செல்லுங்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் பாதிக் கடை மூடியிருக்கும், திறந்த கடையில் வரிசை தெரு வரை இருக்கும்.

16. சென்னை வெயிலையும் புழுக்கத்தையும் லேசாக எண்ண வேண்டாம். 1986 செப்டம்பரில் இதே சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்தார். ஆடும்போதே வாந்தி, தசைப்பிடிப்பு. ஆட்டமிழந்த பிறகு மருத்துவமனையில் சேர்த்து சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த டெஸ்ட் சமனில் முடிந்ததும் உலகறிந்த கதை. பார்க்கிறவர்களுக்கும் அதே வெயில்தான். முந்தைய நாளிலிருந்தே நீர்மோர், கஞ்சி என்று நிறையக் குடியுங்கள். உள்ளே போனதும் இருக்கையைத் தேடும் முன் குடிநீர் எங்கே என்று பாருங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு சட்டைப் பையில் இருக்கட்டும்.

17. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை உண்டு. 2004 அக்டோபரில் ஆஸ்திரேலியாவை வெல்ல இந்தியாவுக்குக் கடைசி நாளில் 210 ரன் வேண்டும், கையில் 10 விக்கெட்டும் இருந்தன. அன்று முழுவதும் மழை, ஒரு பந்துகூடப் போடவில்லை. மடித்து வைக்கிற பிளாஸ்டிக் மழைச்சட்டை ஒன்று போதும். போனையும் டிக்கெட்டையும் வைக்க ஜிப் கவர் எடுத்துக்கொள்ளுங்கள். மழையால் ஆட்டம் நின்றால் எத்தனை ஓவருக்குள் பணம் திரும்பும் என்பது டிக்கெட் நிபந்தனையில் இருக்கும், அதனால் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

மைதானத்துக்குள்

18. உள்ளே நுழைந்ததும் வாயில் எண், ஸ்டாண்ட் பெயர், வரிசை எண் மூன்றையும் போனில் படமெடுத்து, உடன் வந்தவர்களுக்கு அனுப்புங்கள். கூட்டம் நிரம்பிய பிறகு போன் எடுக்காது. பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று மைதானத்துக்கு வெளியே ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘கேட் பக்கம்’ என்று பொதுவாகச் சொன்னால் ஆயிரம் பேர் அங்கேதான் நிற்பார்கள். பிள்ளையின் முன்கையில் பேனாவால் போன் எண்ணை எழுதுங்கள், சட்டைப் பைக்குள் சீட்டும் வையுங்கள்.

19. நெரிசல் பயம் வந்தால் முன்னேறாதீர்கள், ஓரமாக ஒதுங்குங்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் வெயிலும் நெருக்கடியும் தாங்காமல் இறந்தார்கள். அன்று கடற்கரையை ஒட்டிய பறக்கும் ரயில் நிலையங்களில் நிற்கவே இடமில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். முன்னாலும் பின்னாலும் உடல்கள் உங்களைத் தள்ள ஆரம்பித்தால் டிக்கெட் காசு போனாலும் போகட்டும். கைகளை மடித்து மார்புக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் விடுங்கள். கீழே விழுந்த செருப்பையோ போனையோ எடுக்கக் குனியாதீர்கள்.

20. எதிரணி நன்றாக ஆடினால் கைதட்டுங்கள், சேப்பாக்கத்தின் பெயரே அதில்தான் நிற்கிறது. 1997இல் பாகிஸ்தானின் சயீத் அன்வர் இங்கே 194 அடித்தார். 1999 ஜனவரியில் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. பக்கத்து இருக்கையில் வெளிநாட்டு ரசிகர் உட்கார்ந்தால் அவர் நாட்டை வைத்துக் கேலி செய்ய வேண்டாம். நாளை நம் பிள்ளை அவர் ஊர் மைதானத்தில் தனியாக உட்கார்ந்திருக்கலாம்.

21. கிரிக்கெட் தவிர மற்றவற்றையும் பாருங்கள், செலவு குறைவு. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை செஸ் ஒலிம்பியாட் நடந்த மாமல்லபுரம், சென்னை போகிற வழியில்தான் இருக்கிறது. குகேஷ் முதல் பலகையில் தங்கம் வாங்கியது அங்கேதான். 2023 ஆகஸ்டில் எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் இந்தியா 4–3 என்று மலேசியாவை வென்றது. 2025 ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பைக்கு அனுமதி இலவசமாக இருந்தது, ஆனாலும் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. செஸ் அரங்குக்குள் போன் கொண்டு போக முடியாது, ஆகவே உடன் வந்தவரைத் திரும்பச் சந்திக்கும் நேரத்தையும் இடத்தையும் முன்பே பேசிவிடுங்கள்.

22. அவசரம் இல்லை என்றால் ஆட்டம் முடிந்த பிறகு இருபது நிமிடம் உட்கார்ந்தே இருங்கள். முதல் கூட்டம் வடிந்துவிடும், பிள்ளைகளைக் கழிவறைக்கும் அழைத்துப் போகலாம். கடைசி ரயிலைப் பிடித்தாக வேண்டியவர்கள் மட்டும் கடைசி சில ஓவர்களுக்கு முன்பே படிக்கட்டுக்கு அருகில் வந்து நின்று பாருங்கள்.

கடல் கடந்து போனால்

23. பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா கவலையில்லை. இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்பில் மருத்துவக் காப்பீடு கட்டாயம். சித்தப்பா வீட்டில் தங்கப் போகிறோம் என்று வாயால் சொன்னால் போதாது. அவர் தன் ஊர் மேரிக்கு (நகராட்சி அலுவலகத்துக்கு) போய், இன்னார் என் வீட்டில் தங்குகிறார் என்ற சான்றிதழ் வாங்கி, அசலை அனுப்ப வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

24. ஒலிம்பிக் டிக்கெட் எட்டாத விலை என்றால் பாராலிம்பிக் பாருங்கள். 2024 பாரிஸில் அதற்கு 15 யூரோவிலிருந்தே டிக்கெட் கிடைத்தது. நம் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வாங்கிய பாட்மின்டன் அரங்கம் போர்த் த லா ஷப்பெல்லில் இருக்கிறது. தமிழ்க் கடைகள் வரிசையாக உள்ள லா ஷப்பெல் தெருக்களிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். சாப்பிட்டுவிட்டு நடந்தே போகலாம்.

25. போட்டி நடக்கிற நாட்களில் ஊர்ப் போக்குவரத்துக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாரிஸில் 2.15 யூரோவாக இருந்த மெட்ரோ டிக்கெட், ஒலிம்பிக் சமயத்தில் 4 யூரோ ஆனது. வார நாட்களில் கடைசி மெட்ரோ நள்ளிரவு ஒரு மணி வாக்கில் போய்விடும். புறநகரில் தங்குகிறவர்கள் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். அங்கே போட்டி டிக்கெட் போனில் மட்டும்தான் இருந்தது. போனில் சார்ஜ் இல்லையென்றால் உள்ளே போக முடியாது. நம்மூர் தடித்த மூன்று முள் பிளக் அங்குள்ள சுவரில் நுழையாது, அடாப்டர் வாங்கி வையுங்கள்.

26. உறவினருக்குப் பலகாரம் கட்டும்போது விமான நிலைய விதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருட்களைப் பயணிகள் கொண்டு போகக் கூடாது. ஆகவே பால்கோவா, நெய் டப்பா வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், காய்கறி ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். முறுக்கு, இட்லிப்பொடி, வறுத்து அரைத்த குழம்புத்தூள் பிரச்சினையில்லை. ஊறுகாய் பெரிய பெட்டியில் போக வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எதையும் விடமாட்டார்கள்.

அடுத்த போட்டிக்கு

27. அடுத்த பயணத்துக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். காமன்வெல்த் போட்டியின் நூறாவது ஆண்டான 2030இல் அந்தப் போட்டி அகமதாபாத்தில் நடக்கிறது. விசாவும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். 5 ஆண்டுத் திட்டம் அது. 3 ஆண்டு ஆன பிறகு இடையிலேயே எடுக்கலாம், ஆனால் சேமிப்புக் கணக்குக்கு உரிய வட்டிதான் கிடைக்கும். சேரும் தொகையை முதலிலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதி, போக்குவரத்துக்கும் டிக்கெட்டுக்கும். மறுபாதி, தங்குவதற்கும் ஊர் திரும்புவதற்கும். அந்த மறுபாதியை அங்கே விற்கிற தொப்பிக்கும் டி-சர்ட்டுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.